பெகின் எண்டு மட்டும் கேட்டு வாங்காதீங்க: ஹெந்தளைப் பக்கத்துத் தாராக் கடை

மட்டக்குளிப் பாலத்தத் தாண்டி ஹெந்தளைப் பக்கம் போனா கால்வாய்க்குக் கிட்ட ஒரு தாராக் கடை இருக்கு, குஞ்சு, அடைக்கு வைக்கிற முட்டை, வளந்த தாரா, தீன் எல்லாம் அங்கயே எடுக்கலாம். நாங்களும் எங்கட மாமி வீட்டு ஆக்களும் கொஞ்சக் காலமா அங்கதான் வாங்குறம். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கிறேன். கொழும்பு சுத்துவட்டாரத்துல நான் போய்ப் பாத்த கடைகளுக்குள்ள "இது எந்த லைன்?" (ஒரே வகைத் தாராவுக்குள்ள தனியாத் தெரிஞ்செடுத்து வளத்த வம்சம்) எண்டு கேட்டா முழிக்காம பதில் சொன்ன ஒரே கடை இதுதான், நாலு ஸ்டாரும் அதுக்குத்தான். மிச்ச ஒரு ஸ்டார் ஏன் இல்ல எண்டு கடைசியில சொல்லுறேன்.

தாரா வாங்கப் போற ஆக்கள் கேக்குறது ரெண்டே கேள்விதான், பெகின் (வெள்ளத் தாரா வகை) இருக்கா, என்ன வெல. அதோட முடிஞ்சிது. ஆனா பெகின் எண்ட பேருல ஒரே ஒரு தாராதான் உலகத்துல இருக்கு எண்டு நெனைக்கிறது சரியில்ல, இத விளங்கிக்கிட்டாதான் இந்தக் கடையில ஏன் வெள்ளத் தாராவ ரெண்டு கூட்டுல பிரிச்சு வச்சிருக்காங்க, ஏன் ஒண்டு 900 மத்தது 650 எண்டு விளங்கும், அதால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

1873ல சீனாவுல இருந்து கப்பல்ல ஏத்தின கொஞ்சத் தாராவுல ஒம்பதுதான் உயிரோட அமெரிக்காவுக்குப் போய்ச் சேந்திச்சு, கொண்டு போனவர் பேர் ஜேம்ஸ் பால்மர். அடுத்த வருஷமே அமெரிக்காக்காரங்க தங்கட கோழி தாரா ஸ்டாண்டர்ட்ல (எந்த வகை எப்பிடி இருக்கோணும் எண்டு சொல்லுற புத்தகம்) பெகின சேத்துட்டாங்க, அதுக்குப் பிறகு நியூயோர்க் லோங் ஐலண்ட் முழுக்க தாராப் பண்ணைதான். அவங்களுக்கு வேணும் எண்டு இருந்தது எறச்சி, அதால நெஞ்சு அகலமா, உடம்பு நீளமா, கொஞ்சம் சாஞ்ச மாதிரி நடக்கிற பறவைகளையே தெரிஞ்சு தெரிஞ்சு விட்டாங்க. ஆண் 4 கிலோ தாண்டும், பெட்டை 3.6 கிலோ அளவுல வரும். கிட்டத்தட்ட அதே வருஷங்கள்ல சீனாவுல இருந்து இங்கிலாந்துக்கும் கொஞ்சம் போச்சு, அங்க இருந்து ஜெர்மனிக்குப் போச்சு. ஜெர்மன்காரங்க என்ன செஞ்சாங்க எண்டா ஜப்பான்ல இருந்து வந்த, நெட்டையா நிமிந்து நிக்கிற வெள்ளத் தாராவோட அதக் கலந்துட்டாங்க. அதுல வந்ததுதான் இப்ப ஜெர்மன் பெகின் எண்டு சொல்லுறது, கிட்டத்தட்ட செங்குத்தா நிக்கும், கழுத்து தடிப்பு, கன்னம் உப்பி இருக்கும், தூவல் வெள்ளையில்லாம கொஞ்சம் மஞ்சள் பாஞ்ச மாதிரி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விட்டா ஒரே பேர் எண்டு ஆரும் நம்ப மாட்டாங்க.

இன்னும் ஒரு விஷயம், ஜெர்மனியில ரெண்டையும் வேற வேற பிரீடாத்தான் (இனவகை) ஷோவுக்கு, அதாவது தாராப் போட்டிக் கண்காட்சிக்கு எடுக்கிறாங்க, ஜெர்மன் பெகின் வேற, அமெரிக்கன் பெகின் வேற. இங்கிலாந்துல சும்மா பெகின் எண்டு சொன்னா அந்த நிமிந்து நிக்கிறது, அமெரிக்காவுல சும்மா பெகின் எண்டு சொன்னா சாஞ்சு நடக்கிற எறச்சித் தாரா. முட்டையிலயும் வித்தியாசம் சின்னதில்ல, அமெரிக்கன் வருஷத்துக்கு 150 அளவு இடும், ஜெர்மன் 80 இட்டாலே நல்லது எண்டுதான் சொல்லுவாங்க. எவரும் இன்டர்நெட்டுல "பெகின் எத்தன முட்டை இடும்" எண்டு தேடிப் பாத்துட்டு கடைக்காரரோட சண்டைக்கு நிக்கிறதுக்கு முதல், தான் வாசிச்சது எந்த நாட்டுப் பெகினப் பத்தி எண்டு பாக்கோணும்.

இதுக்கு மேல கம்பெனி லைன் எண்டு ஒண்டு இருக்கு, இங்க விக்கிற பெரிய வெள்ளக் குஞ்சு அந்த வகையில இருந்து வந்ததுதான். இங்கிலாந்துல லிங்கன்ஷயர்ல இருக்கிற செரி வலி எண்ட தாராக் கம்பெனி கேள்விப்பட்டிருப்பீங்க, பெகின வச்சே எத்தனையோ தலைமொறையா வளத்தியும் நெஞ்செறச்சியும் தீன் செலவும் பாத்துப் பாத்துத் தெரிஞ்சு எடுத்தவங்க. 2017ல அந்தக் கம்பெனிய சீனக் கம்பெனிகளே வாங்கிட்டாங்க, சீனாவுல இருந்து போன தாரா இங்கிலாந்துல வேற உருவம் எடுத்துத் திரும்ப சீனாக்காரங்க கைக்கே போன கதை அது. அந்த மாதிரி லைன் ஆறு ஏழு கிழமையில 3 கிலோவுக்கு மேல வந்திடும். பழைய பண்ணைப் பெகினுக்கு அதே தீன குடுத்தாலும் அந்த வேகம் வராது. இது ஏமாத்து இல்ல, ரெண்டும் பெகின்தான், லைன் வேற.

இந்தக் கடை அங்கிள் எனக்கு விளக்கின ஒரு விஷயம் வேற எங்கயும் கேட்டதில்ல. கம்பெனி எறச்சித் தாரா எண்டது ஒரு லைன் இல்ல, அப்பன் பக்கம் எறச்சிக்கும் வளத்திக்கும் தெரிஞ்செடுத்த லைன், அம்மா பக்கம் முட்டைக்குத் தெரிஞ்செடுத்த லைன், ரெண்டையும் சேத்துப் பொரிக்கிற குஞ்சுதான் நமக்கு விக்கிறது. அதால அந்தக் குஞ்ச வளத்து, அதுட முட்டைய நீங்களே அடைக்கு வச்சா, வாற குஞ்சு ஒண்டு பெருசு ஒண்டு சின்னன் எண்டு கலந்துதான் வரும். நான் பெரிய லைன்ல ஒரு சோடி எடுக்கப் போனப்ப அங்கிள் நேராவே கேட்டார், "மகள், இத வெட்டுறதுக்கா, இல்ல முட்டை வச்சுப் பெருக்குறதுக்கா?" பெருக்குறதுக்கு எண்டு சொன்னதும், "அப்ப இது வேணாம், அந்தப் பக்கத்துக் கூட்டுல இருக்கிறத எடுங்க, கொஞ்சம் மெதுவாத்தான் வளரும், ஆனா தாய் மாதிரியே குஞ்சு வரும்" எண்டார். 900 ரூவாக் குஞ்ச விக்கலாம் எண்டு இருந்தும் 650 ரூவாக் குஞ்சக் காட்டினார். இந்த ரிவியூவ எழுதோணும் எண்டு எனக்குத் தோணினதே அதாலதான்.

தாய் தகப்பனையும் காட்டுவாங்க, கேட்டாப் போதும். பின் பக்கம் கூட்டு வரிசை இருக்கு, ஒவ்வொண்டுக்கும் கலர் வளையம், நீலம் ஒரு லைன், சிவப்பு ஒரு லைன். எந்தக் கூட்டு முட்டை எந்தத் தட்டுல போச்சு எண்டு இன்குபேட்டர் கதவுல கொப்பி கட்டித் தொங்க விட்டிருக்காங்க, நான் வாசிச்சுப் பாத்தேன், ஒழுங்காத்தான் எழுதியிருக்கு. கரண்ட் போனா ஜெனரேட்டர் தானாப் போடுது.

ஏன் வளையமும் கொப்பியும் இவ்வளவு முக்கியம் எண்டா, வெள்ளை நெறத்த வச்சு ஒண்டுமே சொல்ல ஏலாது. 2018ல சீனாவுல காட்டுத் தாராவையும் பெகினையும் கலந்து பெரிய ஆராய்ச்சி ஒண்டு செஞ்சாங்க. பெகினுட வெள்ளைக்குக் காரணம் எம்.ஐ.டி.எஃப் எண்ட ஒரு ஜீனுக்குள்ள வந்து நுழைஞ்ச ஒரு துண்டு, உடம்பு பெருசாகுறதுக்குக் காரணம் முற்றிலும் வேற ஒரு ஜீன், ஐ.ஜி.எஃப்.2.பி.பி.1 எண்டு அதுக்குப் பேரு, முட்டைக்குள்ள இருக்கேக்க வேலை செஞ்சு பிறகு அடங்க வேண்டியது பெகின்ல பொரிச்ச பிறகும் வேலை செய்யுது. அப்ப யோசிச்சுப் பாருங்க, ஊர்த் தாராவுக்கு வெள்ளை மட்டும் வந்து பெரிய உடம்பு வராம இருக்கிறதுக்கு எல்லா வழியும் இருக்கு. சந்தையில பெட்டிக்குள்ள மஞ்சளா இருக்கிற குஞ்சு எல்லாமே ஒரே மாதிரித்தான் தெரியும். நெறத்த வச்சு வாங்குறது, மூடின பார்சல வெளிப் பேப்பரப் பாத்து வாங்குற மாதிரி.

சரி, முட்டைக்கு வளக்கிறவங்களுக்கு வாறேன். கொழும்புல வீட்டுக்கு வீடு கேக்குறது காக்கி கம்பல் எண்ட முட்டைத் தாரா. இது இங்கிலாந்துல குளோஸ்டர்ஷயர்ல ஊலி எண்ட ஊர்ல அடெல் கம்பல் எண்ட ஒரு அம்மா உண்டாக்கினது. அவங்கட வீட்டுல நல்லா முட்டை இடுற ஒரு ரன்னர் பெட்டை (நெட்டையா நிக்கிற வகை, கீழ சொல்லுறேன்) இருந்திச்சு, அதோட ருவான் எண்ட பிரான்ஸ் வகை ஆணக் கலந்து, காட்டுத் தாரா ரத்தமும் சேத்து, 1898ல வெளிய காட்டினாங்க, காக்கி நெறம் 1901ல வந்திச்சு. அவங்கட நோக்கம் வீட்டுக்காரங்களுக்கு ஓயாம முட்டை. பிறகு என்ன நடந்திச்சு எண்டா ஷோவுக்கு வளத்தவங்க நெறத்தையும் உருவத்தையும் பாத்துத் தெரிஞ்சாங்க, ஒல்லாந்துல யான்சன் குடும்பத்துப் பண்ணையில முட்டைய மட்டும் எண்ணி எண்ணித் தெரிஞ்சாங்க. ஒல்லாந்து லைன் வருஷத்துக்கு 300க்கு மேல இடுறதுக்குப் பேர் எடுத்தது. நெறத்துல பரிசு எடுத்த லைன்ல அந்தக் கணக்க எதிர்பாக்க ஏலாது. ரெண்டுக்கும் பேர் ஒண்டுதான், காக்கி கம்பல்.

எங்கட மாமி இதுக்கு முதல் வேற ஒரு எடத்துல (பேர் வேணாம்) காக்கி கம்பல் எண்டு வாங்கினது வளந்தாப் பிறகு பாத்தா மண்ணெறத்து ஊர்த் தாரா, கண்ணுக்கு மேல கோடு, செறகுல நீலத் தகடு, எல்லாம் அப்படியே இருந்திச்சு. ஒழுங்கான காக்கி கம்பல் பெட்டைக்கு கண்ணுக்கு மேல அந்தக் கோடு இருக்கக் கூடாது, செறகுல மினுங்குற நீலமும் இருக்கக் கூடாது. இத நெனவுல வச்சுக்கோங்க, வாங்கப் போகேக்க உதவும். இந்தக் கடையில உள்ள காக்கிப் பெட்டைகள்ல அந்தக் கோடு இல்ல, ஆண் தலை வெண்கலப் பச்சை, உடம்பு மங்கல் காக்கி. போன பருவத்துல மாமி வீட்டுப் பெட்டைகள் மழைக்கும் நிக்காம இட்டுது. வளந்த பெட்டை 1,800 சொல்லுறாங்க, கூடத்தான், ஆனா பெட்டை எண்டு உறுதிப்படுத்திக் குடுக்கிறாங்க.

ரன்னர் தாராவும் ஒரு கூட்டுல நிக்குது, போத்தல் மாதிரி நெட்டையாத் தெரியும், பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம். இந்தியன் ரன்னர் எண்டு சொன்னாலும் இதுட ஊர் இந்தோனேசியா, ஜாவா, பாலி, லொம்பொக் பக்கம். 1856ல லொம்பொக் தீவுக்குப் போன வொலஸ் எண்ட இயற்கை ஆராய்ச்சியாளர், இந்தத் தாரா பெங்குவின் மாதிரி நிமிந்து நடக்குது எண்டு எழுதி வச்சிருக்கார். அங்க அது வயலுக்கு வயல் நடந்து மேயுற தாரா, தெகால், மொஜோசாரி, அலாபியோ எண்டு பக்கத்துக்குப் பக்கம் இப்பவும் வேற வேற வகை. ஐரோப்பாவுக்குப் போனதும் நிமிர்வு மட்டும் ஷோ விஷயமாகி இன்னும் இன்னும் நெட்டையாக்கிட்டாங்க. இங்க நிக்கிறது ரெண்டுக்கும் நடுவுல. கேரளத்துக் குட்டநாட்டுல சாரா, செம்பல்லி எண்டு சொல்லுற வயல் தாராவப் பாத்தவங்களுக்கு இந்த நடை பழக்கப்பட்டதாத் தெரியும், அதுவும் வயல் வயலா ஓட்டிட்டுப் போய் மேய்க்கிற தாராதான்.

கொட்டாஞ்சேனை, தெமட்டகொட மாதிரி செவரோட செவர் ஒட்டின வீடு எண்டா நான் சொல்லுறது மஸ்கோவி. கொண்டை மாதிரி செவந்த முகம் உள்ளது. இது மத்தத் தாரா இனமே இல்ல, நடு அமெரிக்கா, தென் அமெரிக்காவுல இருந்து வந்த வேற இனம், கத்தாது, ஆண் சீறும், பெட்டை மெல்லமாச் சத்தம் வைக்கும், அவ்வளவுதான், பக்கத்து வீட்டோட பிரச்சின வராது. பெகின் பெட்டை நாலு வீட்டுக்குக் கேக்கும். ஆனா மஸ்கோவி பறக்கும், ஒரு பக்கச் செறகு வெட்டி விடோணும். அடை 35 நாள், மத்தத் தாரா 28 நாள், இன்குபேட்டர்ல ரெண்டையும் ஒண்டா வைக்கிற ஆக்கள் இதக் கவனிங்க. இதுலயும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் பெருசு, பிரான்ஸ்ல கம்பெனி லைன் ஆண் 5 கிலோ தாண்டும், நம்ம ஊர்ல முத்தத்துல திரியுறது அதுட பாதிக்குக் கொஞ்சம் மேலதான்.

மஸ்கோவியையும் பெகினையும் கலந்தா வாற தாரா மலடு. ஆனா அதுக்குன்னே ஒரு பெரிய தொழில் இருக்கு, தைவான்ல பெகின் ஆணையும் வெள்ளை சாய்யா எண்ட சின்ன முட்டைத் தாராவையும் முதல்ல கலந்து, அதுல வாற பெட்டைக்கு மஸ்கோவி ஆணுட வித்து குடுத்து எறச்சித் தாரா எடுக்கிறாங்க, அந்தத் தாய்ப் பெட்டை இடுற முட்டையும் கூட, வாற குஞ்சுட எறச்சியும் கொழுப்புக் கொறவு. பிரான்ஸ்ல இந்தக் கலப்ப ஈரலுக்காக வளக்கிறாங்க. இந்தக் கடையில கிறிஸ்மஸ் நேரம் இந்தக் கலப்புக் கொஞ்சம் வந்திச்சு, "இது குஞ்சு பொரிக்காது, கறிக்கு மட்டும்தான்" எண்டு பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருந்தாங்க, சந்தோஷமா இருந்திச்சு.

தீன் பத்தி ஒரு வார்த்தை. பெரிய லைன் குஞ்சு வாங்குறவங்க கோழிக்குஞ்சு ஸ்டார்டர் மட்டும் போட்டா கால் வளையும். தாராக் குஞ்சுக்கு நியாசின் எண்ட விட்டமின் கூட வேணும், கிலோ தீனுக்கு 55 மில்லிகிராம் அளவு, கோழிக்குஞ்சுக்கு 35 போதும். எந்த லைன் வேகமா வளருதோ அதுக்குத்தான் இந்தப் பிரச்சின கூட, உடம்பு முந்திடும் கால் பிந்திடும். அதுக்காகக் கடையில குஞ்சோட ஈஸ்ட் பவுடர் பக்கெட் ஒண்டு குடுக்கிறாங்க, அதுக்குத் தனிக் காசு எடுக்கல்ல, எவ்வளவு போடோணும் எண்டு தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதியும் இருக்கு. பூஞ்சணம் பிடிச்ச தீன எந்தக் காரணத்துக்கும் போடாதீங்க, தாராக் குஞ்சு கோழிக்குஞ்ச விடச் சீக்கிரம் செத்துப் போகும், இந்த மழைக்காலத்துல சாக்கு நிலத்துல வைக்கவே கூடாது.

இப்ப அந்த ஒரு ஸ்டாருக்கு வாறேன். வெளி போர்ட்ல இப்பவும் "பெகின்" எண்டு மட்டும்தான் இருக்கு. உள்ளுக்குள்ள இவ்வளவு ஒழுங்காப் பிரிச்சு வச்சிருக்கிற ஆக்கள் வெளியில லைன் பேரோ வளையக் கலரோ எழுதாம விடுறது சரியில்ல, ஏனெண்டா அங்கிள் இல்லாத நேரம் நிக்கிற தம்பிக்கு ரெண்டு கூட்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியல்ல, "எல்லாம் பெகின் தான் அக்கா" எண்டுட்டார். நல்ல பிள்ளை, மரியாதையாக் கதைக்கிறார், ஆனா பதில் அது இல்ல. ஞாயித்துக்கிழம சனம் கூடின நேரம் அவர்தான் பெட்டி கட்டுறார். ஒருக்கா த்ரீவீல்ல அனுப்பின பெட்டியில நீலக் கூட்டுக் குஞ்சும் சிவப்புக் கூட்டுக் குஞ்சும் கலந்து வந்திச்சு, மூணாவது கிழமை பாத்தாத்தான் தெரிஞ்சிது, ஒரே தீன், ஒரே எடம், பாதி மத்த பாதிய விட அரை மடங்கு பெருசு. போன் எடுத்துச் சொன்னதும் அங்கிள் சண்டை பிடிக்கல்ல, காரணமும் தேடல்ல, கொப்பியப் பாத்து எந்தத் தட்டு எண்டு சொல்லி, சின்ன லைன் குஞ்சு வேற அனுப்பினார். மாத்தித் தந்தது நல்லது. ஆனா பெருக்குறதுக்கு வாங்குற ஆளுக்கு அந்தக் கலப்பு தெரியாமலே போயிருந்தா அடுத்த தலைமொறையில லைன் எல்லாம் குழம்பிப் போகும், அதால குஞ்சுக் காலுக்கும் கலர் நூல் கட்டி அனுப்புங்க எண்டு சொல்லியிருக்கேன், செய்யுறம் எண்டார். செஞ்சா அஞ்சாவது ஸ்டாரும் போடுவேன்.

குஞ்சுல ஆண் பெட்டை பிரிச்சுக் கேட்டா, பொரிச்ச அண்டைக்கே பின்பக்கம் பாத்துப் பிரிச்சுத் தருவாங்க, பெட்டைக்கு ஒண்டுக்கு 150 கூட. பிரிக்காம எடுத்தீங்க எண்டா ஏழெட்டுக் கிழமை பொறுங்க, உரத்துக் கத்துறது பெட்டை, தொண்டை அடைச்ச மாதிரிச் சத்தம் போடுறது ஆண் (மஸ்கோவிக்கு இது சரிவராது). அஞ்சு பெட்டைக்கு ஒரு ஆண் போதும், கூட விட்டா பெட்டைகளுட முதுகுத் தூவல் எல்லாம் போயிடும்.

வார நாள்ல காலையில போங்க, அப்ப அங்கிள் நிப்பார். முதல் நாளே போன் எடுத்து எறச்சிக்கா, முட்டைக்கா, பெருக்குறதுக்கா எண்டு சொல்லுங்க, நீல வளையமா சிவப்பு வளையமா எண்டு கேளுங்க, பில்லுல அந்தக் கலர எழுதி வாங்குங்க. காட் எடுக்க மாட்டாங்க, காசுதான். பெட்டிக்கு 100 ரூவா, உங்கட பெட்டி கொண்டு போனா அதுவும் இல்ல, ஆனா காத்து ஓட்டை போட்ட பெட்டியா இருக்கோணும், இல்லாட்டி குஞ்சத் தரமாட்டார்.